சைலன்சர் சூட்டுத் தழும்பு, 5 மாசம் ஆகியும் மேடாவே இருக்கு

கேள்வி – பாலாற்றங்கரை:
தங்கச்சிக்கு வலது கெண்டைக்கால் உள்பக்கம் பைக் சைலன்சர் சூடு. புண் ஆறவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்போ 4 செ.மீ. நீளத்துக்கு மேடா, கருஞ்சிவப்பா இருக்கு, சாயங்காலமானா ஒரே அரிப்பு. எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்றாங்க, மெடிக்கல்ல பெட்னோவேட் குடுத்தாங்க. இன்னா பண்ணலாம்?

பதில் – காட்பாடி ஜங்ஷன்:
சூட்டுப்புண் ஆற 3 வாரம் தாண்டினாலே தழும்பு மேடாகுற வாய்ப்பு அதிகம், அதனால இது எதிர்பார்த்ததுதான். முதல்ல ஓரத்தைப் பாருங்க. சூடு பட்ட எல்லைக்குள்ளயே மேடு நிக்குதா, அதைத் தாண்டி நல்ல தோல் மேல பரவுதா? உள்ளயே நின்னா வீட்டுலயே பாத்துக்கலாம். விரலால அழுத்தி எடுத்தா சிவப்பு மறைஞ்சு திரும்ப வருதா? அப்போ தழும்பு இன்னும் முதிரலை, நேரம் இருக்கு. முதிர ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகும்.

சிலிகான் ஷீட் வாங்குங்க, தழும்பு மேல ஒட்டுற மெத்துனு இருக்கிற பசைத் தாள். தழும்பைவிட சுத்தி 1 செ.மீ. பெருசா வெட்டி ஒட்டணும். முதல் நாள் 4 மணி நேரம், அப்புறம் தினம் 2 மணி நேரம் கூட்டி, 12 மணி நேரத்துக்குக் குறையாம கொண்டு வாங்க. 3 மாசமாவது விடாம போடணும். ரெண்டு வாரத்துல ‘ஒண்ணும் தெரியல’ன்னு நிறுத்தறதுதான் முக்கால்வாசி பேர் பண்ற தப்பு.

நம்ம வேலூர் வெயில்ல ஷீட்டுக்கு அடியில வேர்த்து வேர்க்குரு வரும். காலை, ராத்திரி ரெண்டு வேளையும் கழட்டி, தோலையும் ஷீட்டையும் வாசனையில்லாத சோப்புல கழுவி நிழல்ல உலத்துங்க. துணியால ஷீட்டைத் துடைச்சா பஞ்சு ஒட்டி பசை போயிடும். வேர்க்குரு வந்தா ரெண்டு நாள் விட்டுடுங்க. ஷீட் ஒத்துக்கவே இல்லைன்னா சிலிகான் ஜெல், ரெண்டு வேளை, மெல்லிசா. தடவி 5 நிமிஷத்துல காயலைன்னா அதிகம் போட்டுட்டீங்கன்னு அர்த்தம், துடைச்சு எடுங்க.

பதில் – மருந்துப்பெட்டி:
எலுமிச்சை வேணவே வேணாம். சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா கொப்புளம் வந்து இன்னும் கறுப்பாகும். பெட்னோவேட் ஸ்டீராய்டு, தானா மாசக்கணக்குல தடவினா சுத்தியிருக்கிற நல்ல தோல் மெலிஞ்சு நரம்பு தெரியும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைச்சுத் தடவறதும் தழும்பைக் குறைக்காது, சிலருக்குத் தடிப்புதான் வரும்.

மசாஜ் நல்லது: பெருவிரலால தோல் வெளுக்கிற அளவு அழுத்தி, வட்டமா, ரெண்டு வேளை 5-10 நிமிஷம். தேங்காய் எண்ணெய் போதும். ஆனா எண்ணெயைச் சோப்பு போட்டு எடுக்காம ஷீட் ஒட்டினா நிக்காது.

கறுப்பு வேற, மேடு வேற. சிலிகான் மேட்டுக்குத்தான். கறுப்புக்கு வெயில் படாம மூடி வைக்கிறதுதான் முதல் வேலை; முடியாதப்போ எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன், 2 மணி நேரத்துக்கு ஒருதரம். தழும்பு மொத்தமா மறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தட்டையாகும், அரிப்பு அடங்கும், நிறம் மங்கும், அவ்வளவுதான்.

பதில் – அடுக்கம்பாறை பஸ்:
எல்லை தாண்டிப் பரவினா கீலாய்டு. காது குத்தின இடம், நெஞ்சு, தோள்ல அதிகம் வரும், கெண்டைக்கால்ல அவ்வளவா வராது. வந்தா வெட்டி எடுத்தா போதும்னு நினைக்காதீங்க, வெறுமனே வெட்டினா பெரும்பாலும் திரும்ப வளரும். டிரையாம்சினலோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளயே 4-6 வாரத்துக்கு ஒருதரம் போடுவாங்க. வலிக்கும், ஊசி போட்ட இடம் வெளுக்கலாம், குழியாகலாம். சர்க்கரை இருந்தா முன்கூட்டியே சொல்லிடணும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில தோல் பிரிவு இருக்கு, அங்க காட்டலாம். பழைய சூட்டுத் தழும்புல புண் வந்து ஆறாம இருந்தா மட்டும் தள்ளிப்போடாதீங்க.

பாலாற்றங்கரை:
மேடு எல்லைக்குள்ளதான் இருக்கு, அழுத்தினா சிவப்பும் மறையுது. கழுவின உடனே ஷீட் ஒட்டலாமாங்க?

காட்பாடி ஜங்ஷன்:
ஒத்தி எடுத்து 10 நிமிஷம் விடுங்க, ஈரத்துல ஒட்டினா ஓரம் சுருண்டுக்கும். காலுக்கு ஷேவ் பண்ற அன்னிக்கு ஷீட் வேணாம். இன்னிக்கே பக்கத்துல ஸ்கேல் வெச்சு ஒரு போட்டோ எடுத்துடுங்க, மாசா மாசம் அதே வெளிச்சத்துல எடுத்து ஒப்பிட்டாத்தான் வித்தியாசம் தெரியும்.