பரவற்படி 6 வர வேண்டிய இடத்தில் 3.33 வருகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஆய்வேட்டிற்காக ஒரு மருத்துவமனை வார்டின் நோயாளர் எண்ணிக்கைக்கு மாதிரி அமைக்கிறேன். இன்று இருக்கும் ஒவ்வொருவரும் நாளையும் தங்குவதற்கான நிகழ்தகவு 0.5, அவர்களோடு நாள்தோறும் புதியவர்கள் சேர்கிறார்கள். நாளடைவில் நிலைபெறும் எண்ணிக்கை, 0-இல் தொடங்கிச் சராசரி 2 கொண்ட பெருக்குப் பரவலாக (geometric distribution) அமைய வேண்டும் என்பதால், புதுவரவையும் சராசரி 1 கொண்ட பெருக்குப் பரவலிலிருந்தே எடுத்தேன். 10 லட்சம் நாள்களுக்கு ஓட்டிப் பார்த்தேன். சராசரி சரியாக 2 வருகிறது; பரவற்படியோ (variance, சிதறலின் அளவு) 3.33-ஐ விட்டு நகரவில்லை. புரோகிராமை இரண்டு முறை புதிதாக எழுதிவிட்டேன். பிழை எங்கே?

மறுமொழி:
புரோகிராமில் பிழையில்லை. நீங்கள் கொடுத்த புதுவரவுக்கு 3.33-தான் சரியான விடை. பாய்சான் பரவலில் தங்குவோர், புதியவர், கூட்டுத்தொகை மூன்றும் பாய்சானாகவே அமைவதால், அந்தப் பழக்கத்தில் பலரும் இங்கே இடறுகிறோம். புதுவரவை ஊகிக்காமல் சமன்பாட்டிலிருந்தே வருவியுங்கள்.

உங்கள் பரவலின் நிகழ்தகவு பிறப்பிக்கும் சார்பு (இதை ச-வின் அடுக்குகளாக விரித்தால், ஒவ்வோர் அடுக்கின் கெழுவும் அத்தனை பேர் இருப்பதற்கான நிகழ்தகவு) 1/(3−2ச). ஒவ்வொருவரையும் பாதி நிகழ்தகவோடு தக்கவைப்பது, அதாவது 1979-இல் ஸ்டூட்டெல், வான் ஹார்ன் இருவரும் எழுதிய மெலிவாக்கம், ச இருக்கும் இடத்தில் (1+ச)/2 இடுவதற்குச் சமம், 1/(2−ச) கிடைக்கும். ஒன்றையொன்று சாராத எண்களைக் கூட்டும்போது இச்சார்புகள் பெருக்கப்படும் என்பதால், முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் புதுவரவின் சார்பு வரும்: (2−ச)/(3−2ச). பிரித்தெழுதினால் 1/2 + (1/2)·1/(3−2ச). ஆகவே, நாணயத்தைச் சுண்டித் தலை விழுந்தால் அன்று புதுவரவு 0. பூ விழுந்தால் சராசரி 2 கொண்ட பெருக்குப் பரவலிலிருந்து ஓர் எண். புதுவரவின் சராசரி 1-ஆகவே நிற்க, அதன் பரவற்படி 2-இலிருந்து 4-ஆக உயரும்.

கேட்டவர்:
6 வந்துவிட்டது, மிக்க நன்றி ஐயா. வேறொரு வார்டில் 4 படுக்கைகளே இருப்பதால், 4 முயற்சிகளும் 0.5 நிகழ்தகவும் கொண்ட ஈருறுப்புப் பரவலுக்கும் அவ்வாறே வகுத்தேன். மூவர் வருவதற்கான நிகழ்தகவு −0.0585 என்கிறது!

மறுமொழி:
கணக்கு சரி, அப்படியொரு புதுவரவு கிடையாது என்பதே அந்தக் குறை எண்ணின் பொருள். நால்வரும் தங்கிவிட்ட நாளில் ஒருவர் வந்தாலும் 5 ஆகிவிடும். தங்கியவர்களைச் சாராத புதுவரவால் அதைத் தடுக்க இயலாது. புதிய பரவல் எதை உருவாக்கினாலும், வகுத்து வரும் கெழுக்கள் ஒன்றுகூடக் குறையாக இல்லை என்பதை முதலில் பாருங்கள்.

இங்கே 1985-இல் மெக்கென்சி தந்த வடிவம் பொருந்தும்: காலிப் படுக்கை ஒவ்வொன்றும் மற்றவற்றைச் சாராமல், ஒரே நிகழ்தகவோடு நிரம்பட்டும். தங்குவதும் நிரம்புவதும் 0.5 என்று வைத்தால் நீங்கள் கேட்ட பரவலே வரும். ஆனால் அடுத்தடுத்த நாள்களுக்கிடையே ஒட்டுறவு 0 ஆகிவிடும். தங்குவதற்கு 0.7, நிரம்புவதற்கு 0.3 என்று மாற்றினால் பரவல் மாறாது, ஒட்டுறவு 0.4 கிடைக்கும்.