பெரியவீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

தங்கம் அத்தை: அண்ணே வீடு வந்து சேந்துட்டாகளா

முருகேசன்: வந்தாச்சு அத்தை. கஞ்சி குடிச்சுட்டுத் தூங்குறாக

செல்வி (மதுரை): எல்லாரும் முழுசா வாசிங்க. அப்பாவுக்கு இருக்கிறது சிஓபிடி, நாள்பட்ட நுரையீரல் நோய். அத்தனை வருசக் கரிமூட்டப் புகையும் பீடியும் சேந்து மூச்சுக்குழாயச் சுருக்கிருச்சு. கெட்டது பழையபடி ஆகாது. ஆனா கால்ல சதை பலமானா இருக்கிற நுரையீரல வச்சே இளைப்பில்லாம கொல்லை வரைக்கும் போய்ட்டு வரலாம். அதுக்குத்தான் ராம்நாட்டுல பிசியோ. 8 வாரம், செவ்வாயும் வெள்ளியும். யார் கூட்டிட்டுப் போறது?

பாண்டி சித்தப்பா: மூச்சு வாங்குற மனுசன நடக்கவா சொல்றாக. படுத்துக் கெடக்கட்டும்

செல்வி (மதுரை): படுத்தே கெடந்தா சதை வத்திரும் சித்தப்பா. அப்புறம் பத்தடி வச்சாலே இளைக்கும். அதுக்குப் பயந்து இன்னும் படுப்பாக. எங்க வார்டுல தினம் பாக்குறேன்

பாண்டி சித்தப்பா: மூட்டம் வேணாம்னு அப்பவே சொன்னேன். மச்சான் பேச்சக் கேட்டு எறங்குனாரு

முத்துராமு மாமா: யார் பேச்சு? மழையில்லாத வருசம் அத்தான் தானாத்தான் வந்தாக. அப்ப நீங்க எங்க இருந்தீக

தங்கம் அத்தை: ஆரம்பிச்சுட்டீகளா ரெண்டு பேரும்

குமார் (துபாய்): காதுகுத்து தேதி முடிவாயிருச்சா? டிக்கெட் போடணும்

ராணி: ஆவணில

குமார் (துபாய்): ஆவணில எப்ப மதினி

ராணி: கிடா எத்தனைன்னே இன்னும் பேசல

செல்வி (மதுரை): மதினி, கொசுவத்தி, சாம்பிராணி வேணாம். விறகடுப்பும்

ராணி: கேஸ் தீந்துருச்சு. கொல்லைலதான் எரிக்கிறேன், கச்சான் அடிச்சா புகை பூராம் திண்ணைக்கு வருது

குமார் (துபாய்): சிலிண்டருக்கு நான் அனுப்புறேன்

முருகேசன்: செல்வி, இன்ஹேலர் பம்பு அடிச்சா மருந்து வாயோரமா வெளிய வருது

செல்வி (மதுரை): ஸ்பேசர் இல்லாமயா அடிக்கிறீக? பைக்குள்ள நீளமா ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். பம்ப நல்லாக் குலுக்கி அதுல மாட்டு. மூச்சை வெளிய விட்டுட்டு வாயில கவ்வச் சொல்லு. ஒரு அழுத்து, மெதுவா இழுத்து 10 எண்ணுற வரை அடக்கணும். அடுத்த அழுத்து ஒரு நிமிசம் கழிச்சு. முடிஞ்சதும் வாய் கொப்புளிக்கணும், இல்லன்னா நாக்குல வெள்ளை படியும். நடக்கும்போது மூக்கால 2 எண்ணி இழுத்து, உதட்டக் குவிச்சு 4 எண்ணி ஊதணும்

தங்கம் அத்தை: அடுப்பு ஊதுற மாதிரியா

செல்வி (மதுரை): அம்புட்டு வேகம் வேணாம் அத்தை, விளக்கு அணையாம சுடர் மட்டும் ஆடணும்

பாண்டி சித்தப்பா: விரல்ல மாட்டுற மெசின்ல ஆக்சிஜன் அளவு 91 காட்டுது. ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுக்கவா

செல்வி (மதுரை): வேணவே வேணாம். அப்பாவுக்கு டாக்டர் சொன்ன அளவே 88லருந்து 92. அளவுக்கு மேல ஆக்சிஜன் குடுத்தா கரியமில வாயு உடம்புல தங்கிரும். சளி மஞ்சளோ பச்சையோ ஆனா அன்னைக்கே எனக்குச் சொல்லுங்க. உதடு நீலமானா, பேச்சு குழறுனா யாரையும் கேக்காம 108. சரி, செவ்வாய்க்கு யாரு?

குமார் (துபாய்): 🙏

முத்துராமு மாமா: செவ்வாய் நான் கார் எடுத்துட்டு வர்றேன்

பாண்டி சித்தப்பா: அண்ணன நானும்தான் பாப்பேன். வெள்ளி... பனங்காட்டுல வேலை இருக்கு, பாத்துச் சொல்றேன்

தங்கம் அத்தை: மாத்திரை குடுக்க ஒரு புள்ள வீட்டுக்கே வருதே

செல்வி (மதுரை): மக்களைத் தேடி மருத்துவம். அதுல பிசியோவும் வீட்டுக்கு வருவாக அத்தை. வெள்ளிக்கு நம்ம தெருவுக்கு வர முடியுமான்னு கேட்டு வைங்க

குமார் (துபாய்): ஆவணி மொத வாரமா கடைசியா

முருகேசன்: அப்பா எந்திரிச்சுட்டாக. ஒரே ஒரு பீடிங்கிறாக

செல்வி (மதுரை): போன அவுககிட்ட குடு