மறுமொழி: பறப்புத் தொலைவு, பெருவட்டத் தொலைவு – ஒரு சொல்லா, இரு சொல்லா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மேலூர் ஆசிரியை அவர்கள் கேட்டது, இரு ஊர்களுக்கு இடையே வான்வழியே உள்ள தொலைவைக் குறிக்க, புவியியல் பயிற்சி ஏட்டுக்கான ஒரு சொல். ஏடு திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நாமோ ‘தூரம்’ வடசொல் என்பதிலேயே மூன்று நாளாக நிற்கிறோம். ‘தொலைவு’ இரு சாராருக்கும் உடன்பாடு என்பதால் அந்த வாதத்தை விட்டுவிடலாம். என் கவலை, ‘வான்வழித் தொலைவு’ என்ற ஒரே சொல்லை, புவிமேல் மிகக் குறுகிய வழி, விமானம் உண்மையில் பறக்கும் வழி என்ற இரு வேறு அளவுகளின் தலையில் கட்டுகிறோம் என்பதே.

புவி உருண்டையின் மேல் இரு நகரங்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால், அது புவி மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லாகப் படியும். மேற்பரப்பில் அதைவிடக் குறுகிய வழி இல்லை. நியூயார்க்கும் மாட்ரிட்டும் ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில் இருந்தும், அக்கோட்டை ஒட்டியே சென்றால் 5,900 கி.மீ.க்கு மேலாகும், வடக்கே வளையும் வில்லின் வழியே சுமார் 5,760 கி.மீ. தான். விமானம் கடப்பதோ காற்றையும் வான்வெளித் தடைகளையும் பொறுத்து மாறும். ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையிலான வில் இன்றும் ஏறத்தாழ 7,800 கி.மீ. தான், ஆனால் 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், சுற்றிச் செல்ல நேர்ந்ததால் சுமார் 9½ மணி நேரப் பயணம் 13 மணி நேரம் வரை நீண்டது. வில்லின் நீளத்தைப் ‘பெருவட்டத் தொலைவு’ என்றும், விமானம் கடப்பதைப் ‘பறப்புத் தொலைவு’ என்றும் பிரித்தே சொல்ல வேண்டும். ‘பறந்த தொலைவு’ என்றால் இனிப் புறப்படவிருக்கும் விமானத்துக்குப் பொருந்தாது. ‘பறப்பு’ காலம் காட்டாத தொழிற்பெயர்.

திருநகர் ஐயா முன்வைத்த ‘வான்செலவு’ என்னை மிகவும் ஈர்த்தது; பழந்தமிழில் ‘செலவு’ என்றால் செல்லுதல். புறநானூற்றின் 30ஆம் பாட்டில் ‘செஞ்ஞாயிற்றுச் செலவு’ என்று வான்வழி இயக்கமும், அதைச் சென்று அளந்தவர்போல ‘இனைத்து’ (இவ்வளவு) என்று அளவு சொல்வோரும் ஒருங்கே வருகிறார்கள். நம் தேவைக்கு இதைவிட நெருங்கிய சான்று கிடைக்காது. ஆயினும் இன்று மாட்டுத்தாவணியில் யாரிடம் கேட்டாலும் வான்செலவு விமானக் கட்டணம்தான். தொலைவைக் குறிக்கும் பழஞ்சொல்லான ‘சேண்’ உயரத்தையும் குறிப்பதால், மேற்பரப்பின் மீது அளக்கும் தொலைவுக்கு ஆகாது.

பசுமலையிலிருந்து

——

பசுமலை நண்பருக்கு,

‘பறப்புத் தொலைவு’ ஏற்கத்தக்கது. ‘வான்செலவை’ மாணவர் பொருட்டு விலக்கிக்கொள்கிறேன். ‘பெருவட்டத் தொலைவை’ மட்டும் ஏற்க இயலவில்லை. இரு புள்ளிகள் பெருவட்டத்தை இரு விற்களாகப் பிரிக்கின்றன; நெடிய வில்லும் பெருவட்டத்தில்தான் கிடக்கிறது. குறுமை தோன்றாத சொல் எப்படிக் குறுகிய வழியைக் குறிக்கும்? ‘குறுவில் தொலைவு’ என்பதே சரி. பெரும்பாலோர் உங்கள் பக்கம் என்பதால் ஏட்டில் உங்கள் சொல்லே போகட்டும். என் மறுப்பு மடலில் நிற்கட்டும்.

திருநகரிலிருந்து