கீசர் போட்டால் மற்ற ஃபேஸில் வோல்டேஜ் ஏறுகிறது

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம், வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு. ஐப்பசி மழைக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை. ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில், ஆர் ஃபேஸில் உள்ள 2 கிலோவாட் கீசரைப் போட்டதும் அந்த ஃபேஸ் 236 வோல்ட்டிலிருந்து 195-க்கு இறங்குகிறது. அதே நேரம் ஒய், பி இரண்டும் 258-க்கு ஏறுகின்றன. ட்யூப்லைட் பளிச்சென்று எரியும், ஃபேன் பறக்கும். கீசரை அணைத்தால் எல்லாம் பழையபடி. ஏற்கெனவே ஒரு செட்டாப் பாக்ஸ் அவுட்.

ஃபேஸுக்கு ஃபேஸ் அளந்தால் எப்போதும் 410 சொச்சம், ஆடுவதே இல்லை. கீசர் ஓடும்போது நியூட்ரலுக்கும் (மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பி) எர்த்துக்கும் நடுவே 40 வோல்ட் காட்டுகிறது. என் மல்டிமீட்டர் டிடி-830டி, மலிவுதான், ஆனால் எலக்ட்ரீஷியனின் கிளாம்ப் மீட்டரும் இதையேதான் சொன்னது.

டிபி பாக்ஸ் (வீட்டு மின் பகிர்வுப் பெட்டி) நியூட்ரல் லிங்க், மெயின் ஸ்விட்ச் ஸ்க்ரூ எல்லாம் முறுக்கியாயிற்று. கீசரை வேறு ஃபேஸுக்கு மாற்றினோம்; இறக்கமும் கூடவே மாறியது. லைன்மேன் லோடு இல்லாத நேரத்தில் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று போய்விட்டார். நியூட்ரல் எங்கோ லூஸ் என்பது என் சந்தேகம்.

கரண்ட் மீட்டர் சீலைத் தொடாமல், கோளாறு கம்பத்துப் பக்கமா வீட்டுப் பக்கமா என்று பிரித்தறிய எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்க வேண்டும்?