உதவி: பலூன் திருவிழா இரவுப் படங்கள் இரட்டையாக விழுகின்றன

ஆழியாறு பையன்:
அவசரம். பொள்ளாச்சி வெப்பக் காற்றுப் பலூன் திருவிழாவுக்கு வந்திருக்கிறேன். இருட்டியதும் பலூன்களைத் தரையிலேயே நிறுத்தி, நெருப்பு விட்டு ஒளிர வைத்தார்கள். எடுத்த படம் ஒன்றும் தேறவில்லை. ஒரு பலூனுக்குப் பின்னால் நிழல் போல இன்னொரு பலூன் தெரிகிறது, நெருப்பு வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது. கை ஆடவில்லை, வேலிக் கம்பியில் ஊன்றித்தான் எடுத்தேன். நாளை மாலை கடைசி ஷோ. என்ன செட்டிங் வைக்கலாம்?

கோவை கேமராக்காரர்:
என்ன கேமரா, என்ன லென்ஸ்? ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) எவ்வளவு? ஒரு படத்தையாவது போடுங்கள்.

மஞ்சள் வெயில்:
லென்ஸுக்கு முன்னால் யூவி ஃபில்டர் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? இருட்டில் பளிச்சென்ற நெருப்பு இருந்தால், ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே வெளிச்சம் பட்டுத் திரும்பி இப்படி இரண்டாவது உருவம் விழும். கழற்றிவிட்டு எடுங்கள்.

ஷட்டர் சாமி:
பொங்கலுக்குப் பொங்கல் இதே கேள்வி வருகிறது. எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும் என்று படிக்காமல் மைதானத்துக்குப் போனால் இப்படித்தான் ஆகும். மேனுவல், ஐஎஸ்ஓ 800, லென்ஸ் திறப்பு எஃப் 4, ஷட்டர் 1/60 நொடி. முதலில் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள், தம்பி.

பின்னிரவு:
பலூன் மட்டும் இரட்டையா, பின்னால் இருக்கும் மரங்களுமா?

ஆழியாறு பையன்:
பலூன் மட்டும்தான். தென்னை மரமெல்லாம் கூர்மையாக இருக்கிறது. ஃபில்டர் கிடையாது, போன்தான்.

கோவை கேமராக்காரர்:
போன் என்று முதலிலேயே சொல்லக் கூடாதா? நைட் மோடு ஓடியதா?

ஆழியாறு பையன்:
ஆமாம், அதுவே ஆன் ஆகிவிடுகிறது.

பின்னிரவு:
அப்படியென்றால் காரணம் அதுதான். நைட் மோடு ஒரே படம் எடுப்பதில்லை. ஓரிரு நொடிகளில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. மரம் அசையாது, அதனால் கூர்மை. பலூன் காற்றில் சாய்ந்து நிமிரும், நெருப்பும் இடையிடையேதான் எரியும். எரியும்போது எடுத்ததும் அணைந்தபின் எடுத்ததும் கலந்துதான் நிழல் விழுகிறது.

நைட் மோடை அணைத்துவிடுங்கள். போனில் ப்ரோ மோடு (செட்டிங்கை நாமே வைக்கும் வசதி) இருந்தால் ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/60 வைத்துத் தொடங்குங்கள். போன் லென்ஸ் பெரும்பாலும் எஃப் 1.8 அளவில் அகலமாகத் திறந்தே இருக்கும், அதனால் சாமி சொன்ன 800 உங்களுக்கு வேண்டாம். ப்ரோ மோடு இல்லையென்றால், நெருப்பு எரியும்போது ஒளிர்கிற பலூன் துணிமேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை லாக் செய்து, கொஞ்சம் இருட்டாக்குங்கள். மஞ்சள், சிவப்புத் துணி வெளிச்சத்தை நன்றாக விடும். கருநீலம் மங்கலாகத்தான் தெரியும், அதை வைத்து அளக்காதீர்கள். நெருப்பு விடும் பர்னரின் சத்தம் கேட்டதும் பர்ஸ்டில், அதாவது தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள்.

நேரமும் முக்கியம். இப்போது அங்கே சூரியன் ஆறே காலுக்கு மறைகிறது. அடுத்த அரை மணி நேரம் வானத்தில் நீலம் இருக்கும். அதற்குள் பலூன்களை ஒளிர வைத்தால் விடாதீர்கள். வானம் முழுக்கக் கறுத்துவிட்டால் பலூன்கள் அந்தரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடும்.

ஷட்டர் சாமி:
ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங்) விட்டுவிட்டீர்கள். பலூனில் எரியும் புரொப்பேன் வாயுவின் நெருப்பு நீலம், அதற்கேற்ப வைக்க வேண்டும்.

டெக்சாஸ் தமிழன்:
எல்லா நேரமும் நீலம் இல்லை, சார். முக்கிய பர்னரில் திரவ புரொப்பேன் சூடான காயில் (சுருள் குழாய்) வழியாகப் போய் ஆவியாகி எரியும். அதில்தான் நீலம் அதிகம், இரைச்சலும் அதிகம். இன்னொரு வால்வைத் திறந்தால் திரவமாகவே வந்து மஞ்சளாக, சத்தம் குறைவாக எரியும். மாடுகள் மிரளாமல் இருக்க மேய்ச்சல் நிலத்துக்கு மேலே அதைத்தான் பயன்படுத்துவார்கள். இரவு ஒளிர்வுக்கும் மஞ்சள் நெருப்புதான் நன்றாக இருக்கும். அமெரிக்காவின் அல்புகர்க்கி பலூன் திருவிழாவில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஷட்டர் சாமி:
அமெரிக்காவில் ஆயிரம் இருக்கும். இங்கே பேசுவது பொள்ளாச்சி.

டெக்சாஸ் தமிழன்:
பர்னர் எங்கேயும் ஒன்றுதான், சார். அல்புகர்க்கியும் 1972-ல் ஒரு கடைவளாக வாகன நிறுத்தத்தில் 13 பலூன்களோடு தொடங்கியதுதான். பொள்ளாச்சி 2015-ல் தொடங்கியது, அதுவும் வளரும்.

மஞ்சள் வெயில்:
நெருப்பு எந்த நிறமாகவும் இருக்கட்டும். ஆட்டோவில் விடாமல் ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்துங்கள். படத்துக்குப் படம் நிறம் மாறாது. ஆனால் என்னைக் கேட்டால் இரவைவிட விடியற்காலைதான் அழகு. வெயில் ஏறித் தரை சூடானால் காற்று மேலே கிளம்பும், அதனால் சூரியன் எழும்போதே பறந்துவிடுவார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் துணியின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும்.

ஷட்டர் சாமி:
காலையில் பனிமூட்டம். ஒன்றும் தெரியாது.

மஞ்சள் வெயில்:
மூட்டம் விலகும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் போகிறோம், ஐயா.

கோவை கேமராக்காரர்:
காலை மாலைச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். தம்பி, நாளை எடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஆழியாறு பையன்:
நைட் மோடை அணைத்து ப்ரோவில் எடுத்தேன். இரட்டை இல்லை. நெருப்பு மஞ்சளாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் நன்றி, பஸ் வந்துவிட்டது.

பின்னிரவு:
மகிழ்ச்சி. கடைசியில் ஷட்டர் எவ்வளவு வைத்தீர்கள்? 1/60 போதுமானதாக இருந்ததா?

கோவை கேமராக்காரர்:
படத்தையும் போடுங்கள், தம்பி.