விலங்கியல் படித்தவர் ஓடை மீட்புப் பணிக்குச் செல்ல முடியுமா?

கேள்வி: குடியாத்தத்துப் பெண்

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் இளநிலை விலங்கியல் முடித்து ஓராண்டு ஆகிறது, வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். எங்கள் ஊருக்குள் வரும் கௌண்டின்ய ஆறு, மோர்தானா அணை நிரம்பி வழியும் நாட்களில் ஆறாகவும் மற்ற நாட்களில் சாக்கடையாகவும் ஓடுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். நீர்நிலை மீட்பு, நன்னீர் உயிரினப் பாதுகாப்பு ஆகியவற்றையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். "ஆற்றைச் சரிசெய்வது சிவில் இன்ஜினியர் வேலை, புழு பூச்சி படித்தவளுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று மாமா கேட்கிறார். அமெரிக்காவில் ஓடை மீட்புக்கென்றே நடத்தப்படும் குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சிகளைப் பற்றி இணையத்தில் படித்தேன். கடன் வாங்கியாவது அவற்றில் சேர்வது பயன் தருமா?

பதில்: ஓய்வு பெற்ற பொறியாளர், காட்பாடி

மகளே, கடன் மட்டும் வாங்கிவிடாதே. அந்தப் பயிற்சிகள் தரமானவைதாம். அமெரிக்க நீரியலாளர் டேவ் ரோஸ்ஜென் 1994இல் வெளியிட்ட ஆற்று வகைப்பாட்டை நானும் பணிக்காலத்தில் ஆர்வமாகப் படித்தேன். ஆனால் அங்கே அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு வந்ததற்குச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின்படி, ஓர் ஓடையை மண்ணிட்டு நிரப்ப அனுமதி பெறுபவர், தவிர்க்க முடியாத சேதத்துக்கு ஈடாக வேறோர் ஓடையை மீட்டுத்தர வேண்டியிருக்கும். அந்தக் கட்டாயமே பல நிறுவனங்களையும் அவற்றில் வேலைகளையும் உருவாக்கியது. நம் நாட்டில் அப்படிப்பட்ட சந்தை வளரவில்லை. இங்கே வேலை வருவது அரசுத் திட்டங்களாலும் நீதிமன்றத் தீர்ப்புகளாலும்தான்.

உன் மாமா சொல்வதில் பாதி உண்மை. நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர பொறியியல் பட்டம் வேண்டும். அந்தக் கதவு உனக்குத் திறக்காது. ஆனால் நில மட்டம் எடுப்பதைப் பட்டம் இல்லாமலே கற்றுக்கொள்ளலாம். ஓர் ஏரியின் வரத்துக் கால்வாயில் தலைப்பிலிருந்து மதகு வரை ஆட்டோ லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவியையும், ஸ்டாஃப் என்னும் அளவுகோலையும் தூக்கிக்கொண்டு நடந்து, முப்பது மீட்டருக்கு ஒரு முறை அளவெடுத்துக் குறித்துப் பார். எந்த இடத்தில் தூர்வாருகிறோம் என்ற பெயரில் வாய்க்காலைப் பள்ளமாக்கிவிட்டார்கள், எங்கே தண்ணீர் மேடேற முடியாமல் நின்றுவிடுகிறது என்பதெல்லாம் தாளில் தெரிந்துவிடும். பொக்லைன் ஓட்டுபவரிடம் "இதற்கு மேல் ஓர் அடி கூடத் தோண்டாதீர்கள்" என்று சொல்ல அந்தத் தாள்தான் உனக்குத் துணை. அதை வாசிக்கத் தெரிந்த விலங்கியல் பட்டதாரியை நான் என் பணிக்காலம் முழுவதும் சந்தித்ததில்லை.

பதில்: நீர்ச்சூழல் ஆய்வாளர், இராணிப்பேட்டை

ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அவர் உயிரினங்களைப் பற்றிப் பேசவே இல்லை. தோண்டி முடித்த வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் போதும் என்று பொறியாளர்கள் நினைப்பதால்தான் உங்களைப் போன்றோர் தேவைப்படுகிறார்கள்.

வலையில் அள்ளிய சேற்றை வெள்ளைத் தட்டில் ஊற்றிவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சிவப்பு நூல் போல நெளிபவை இரத்தப் புழுக்கள். மூன்று வால் இழைகளுடன் தட்டின் ஓரத்துக்கு ஓடுவது பெரும்பாலும் மே ஈ என்னும் பூச்சியின் இளவுயிரியாக இருக்கும். மாசைத் தாங்காத உயிரினத்துக்குக் கூடுதலாகவும் தாங்குவதற்குக் குறைவாகவும், உயிரினக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் தரும் முறையில் மே ஈக்களில் பலவும் உச்சத்தில் இருக்கின்றன, இரத்தப் புழுவுக்கு இரண்டுதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதே முறையைத் தழுவித்தான் ஆறுகளின் உயிரியல் நிலையை அளக்கிறது. தண்ணீர் மாதிரி அந்த நேரத்து நிலையை மட்டும் சொல்லும்; இந்தப் பூச்சிகளோ கடந்த சில வாரங்களின் நிலையையும் சொல்லிவிடும். இரவில் கழிவைத் திறந்துவிட்டுப் பகலில் மூடிவிடும் இடங்களைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

படிப்பென்றால், டேராடூனில் உள்ள இந்திய வனவுயிரின நிறுவனம் நன்னீர்ச் சூழலியலுக்கென்றே முதுநிலைப் படிப்பு நடத்தியிருக்கிறது. சேர்க்கை அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். முதுநிலை முடித்தால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களில் சூழலியல் வல்லுநருக்கென ஓர் இடம் உண்டு. நான் அங்கேதான் தொடங்கினேன். ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: என் முதல் நிறுவனத்தில் களத்துக்கே அனுப்பாமல், பழைய அறிக்கையின் மீன் பட்டியலை ஊர்ப்பெயர் மாற்றி எழுதச் சொன்னார்கள். எட்டு மாதத்தில் விலகிவிட்டேன். நேர்முகத் தேர்வில் சம்பளம் கேட்பதற்கு முன் "மாதத்தில் எத்தனை நாள் களப்பணி?" என்று நீங்கள் கேளுங்கள்.

வீட்டாருக்கு அரசு வேலைதான் வேண்டுமென்றால், வனவர் தேர்வுக்கும் மீன்வளத் துறையின் சார் ஆய்வாளர் தேர்வுக்கும் விலங்கியல் பட்டம் ஏற்கப்பட்டு வந்திருக்கிறது.

பதில்: பணித்தளப் பொறுப்பாளர், கணியம்பாடி ஒன்றியம்

நான் பட்டதாரி இல்லை. எங்கள் பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறிஞ்சு கிணறு தோண்டி நிலத்தடி நீரைக் கூட்டிய செய்தியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் பார்த்து எங்கள் ஊர் ஓடையிலும் ஒரு கிணறு போட்டோம். மேலே கல் தடுப்பு கட்டும் வரை காத்திருக்காமல் சிமென்ட் உறையை இறக்கிவிட்டோம். முதல் மழையிலேயே வண்டல் வந்து அடைத்துக்கொண்டது. அவசரப்படுத்தியவன் நான்தான். மலையடிவாரத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்திய பிறகே கீழே கிணறு என்ற வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், அந்த ஓடையில் நாற்பது ஆண்டு மாடு மேய்த்த ஒரு பாட்டி. நீங்கள் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், ஓடையோரம் வாழ்பவர்களிடம் வெள்ளம் எதுவரை ஏறியது, ஊற்று எங்கே இருந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தின் உயரம் இன்னும் பலருக்கு நினைவிருக்கிறது.

மீண்டும் குடியாத்தத்துப் பெண்

மூவருக்கும் நன்றி. வெளிநாட்டுப் பயிற்சி எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே எங்கள் ஆற்றில் மாதம் ஒரு முறை பூச்சி மாதிரி எடுக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் தொடங்குவது?

நீர்ச்சூழல் ஆய்வாளர், இராணிப்பேட்டை

ஊருக்குள் சாக்கடை வந்து சேரும் இடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மாற்றாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளிந்ததும் தொடங்குவது நல்லது. ஆறு வற்றிய மாதங்களிலும் போய், "நீர் இல்லை" என்று தேதியோடு குறித்து வையுங்கள்; நம் ஆறுகளுக்கு அதுவும் தரவுதான். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை இல்லாமல் கீழ்ப்பக்க இடத்தில் இறங்க வேண்டாம், தனியாகவும் போக வேண்டாம்.