கூர்க்கம்வலி (குறட்டை), கால் குடைச்சல், அமுக்கான்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வேலந்தாவளம் வண்டிக்காரன்:

இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன். இங்கே மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி எர்ணாகுளம், திரும்பும்போது கிடைத்த லோடு. தலை சாய்த்தால் ரெண்டாவது நிமிடம் தூங்கிவிடுவேன். அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தவன் நான்.

போன வருடம் ஒரு விடிகாலை, காலி வண்டியோடு திருச்சூர் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன். குதிரான் சுரங்கப் பாதைக்குள் நுழைந்தது நினைவிருக்கிறது. வெளியே வந்தது நினைவில்லை. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம், உள்ளே விளக்கு பட்டப்பகல் மாதிரி எரியும். சுதாரித்தபோது இடது டயர் ஓரக்கல்லை உரசிக்கொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். கை நடுக்கம் நிற்கவே அரைமணி ஆனது. தூக்கம் போதவில்லை என்று சொல்லவும் வழியில்லை, முந்தின நாள் முழுசாக எட்டு மணி நேரம் படுத்திருந்தேன்.

ஒருகாலத்தில் கேரள எல்லையில் வாளையாறில் வரிச் சோதனைக்கு மணிக்கணக்கில் வரிசை நிற்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அது போனது. நல்லதுதான். ஆனால் அந்த வரிசையில் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து போட்ட குட்டித் தூக்கம்தான் என்னை அத்தனை வருடம் காப்பாற்றியதோ என்று இப்போது தோன்றுகிறது.

"உங்க மூச்சு நடுநடுவுல நின்னு போகுதுங்க" என்று வீட்டுக்காரி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குறட்டை விடாத ஆம்பளை யாரு என்று நான் சிரிப்பேன். கடைசியில் ஒருநாள் ராத்திரி செல்போனைத் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்துவிட்டாள். காலையில் கேட்டேன். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுகிறது. அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும். திரையில் விநாடி ஓடுகிறது: 10, 20, 34. பிறகு கிணற்றில் முங்கியவன் மேலே வந்து இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு. என் குரல்தான், ஆனால் கேட்கவே பயமாக இருந்தது.

முதலில் பார்த்த டாக்டர் வயசாகுது என்று சத்து மாத்திரை எழுதினார். பாலக்காட்டில் நுரையீரல் டாக்டர்தான் டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்தார். 43 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 40க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டியதுதான் என்றார். எட்டுக் கேள்வி உள்ள தாள் ஒன்று கொடுத்தார், மொத்தம் 24 மதிப்பெண், 10ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம் என்று கணக்கு. எனக்கு 17. வண்டி நெரிசலில் சில நிமிடம் நின்றால் தூங்கிவிடுவீர்களா என்று அதில் ஒரு கேள்வி. லாரிக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது!

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தங்கித் தூக்கப் பரிசோதனை. தலையில் ஒயர், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் குழாய், விரலில் கிளிப். 10 விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடவை என்று எண்ணுவார்களாம், பாதி அடைத்து ஆக்சிஜன் இறங்கினாலும் கணக்குதான். மணிக்கு 5க்குள் இருந்தால் பரவாயில்லை, 30ஐத் தாண்டினால் கடுமை. எனக்கு 41. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது. ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக எழுப்பி விடுகிறது, காலையில் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ரெண்டு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காமல் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்றார். "கள்ளு உண்டோ?" என்று கேட்டார். கள்ளுக்குப் பேர்போன பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் இருந்துகொண்டு இல்லையென்று சொல்ல முடியுமா? ராத்திரி குடித்தால் தொண்டை இன்னும் தளரும், விட்டுவிடு என்றார்.

இப்போது காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின். 45,000 ரூபாய் ஆனது. முதல் மூன்று ராத்திரி முகமூடியைப் பிடுங்கி எறிந்தேன். நாலாவது ராத்திரி தூங்கினேன். காலையில் தலைவலி இல்லை. தினமும் தலைவலியோடுதான் எழுந்திருக்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் மூச்சைக் கேட்க ஒருத்தி இருந்தாள். தனியாகப் படுக்கிறவர்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வேறு தூக்கக் கோளாறு என்றாலும் எழுதுங்கள்.

மீனாட்சிபுரம் டீச்சர்:

அண்ணா, எனக்கு மூச்சு இல்லை, கால். ராத்திரி படுத்ததும் கெண்டைக்கால் எலும்புக்குள் புழு நெளிகிற மாதிரி இருக்கும். வலி என்றும் சொல்ல முடியாது. எழுந்து நடந்தால் போய்விடும், படுத்தால் வந்துவிடும். ஒரு மணிக்குத் திண்ணைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருப்பேன். மாமியார் வாதம் என்று தைலம் தேய்த்துவிட்டார், பாவம். தும்மலுக்கு மாத்திரை போட்ட நாட்களில் இன்னும் மோசம். சில அலர்ஜி மாத்திரைகள் இதைக் கூட்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையை டாக்டர் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் ஓரளவு சரியாக இருந்ததால் அதுவரை யாரும் பார்க்கவில்லை. வந்தது 9. இந்தத் தொந்தரவுக்கு 75க்கு மேல் இருந்தால் நல்லது என்றார். மாதவிலக்கில் அதிகம் போவதையும் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடுகிறேன், டீ கூடவே கூடாது. மூன்று மாதம் ஆனது. போன வாரம் பொள்ளாச்சியில் ஒரு படத்தை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன்.

ராத்திரி ஷிஃப்ட், கொச்சி:

டீச்சருக்கு வைத்தியம் இரும்பு மாத்திரையாக வந்தது, எனக்குத் தலையணைக்கடியில் பாக்குவெட்டியாக வந்தது. கண் திறந்திருக்கும், விரலைக்கூட அசைக்க முடியாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அமுக்கான் பேய் என்றார் பாட்டி. பாக்குவெட்டி அவர் கைங்கரியம்.

கனவு வரும் தூக்கத்தில் உடம்பு அசையாதபடி மூளையே கட்டிப்போடுமாம். சில சமயம் விழிப்பு முன்னால் வந்துவிடும், கட்டு அவிழக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஷிஃப்ட் மாறுவதும் தூக்கக் குறைவும் மல்லாந்து படுப்பதும் இதைக் கூட்டும். டாக்டர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் விசித்திரமாக இருந்தது: "வயிறு குலுங்கச் சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து சரிவதுண்டா?" அது இருந்து பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வந்தால் நார்கோலெப்ஸி என்ற தூக்க நோயா என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு இல்லை.

கோவிந்தாபுரம்:

இதை எழுதலாமா என்று யோசித்தேன். என் அப்பாவுக்கு 67 வயது. ராத்திரி நிலக்கடலைக் காட்டில் பன்றி விரட்டுவார், தூக்கத்தில். "ஓடு ஓடு" என்று கத்தி எட்டி உதைப்பார். அம்மாவின் வளையல் உடைந்து மணிக்கட்டு கிழிந்த அன்றுதான் எங்களுக்கே தெரியும். அதற்குள் இரண்டு வருடம் ஓடியிருந்தது. "உங்கப்பா என்னை அடிக்கிறாருன்னு ஊரு பேசும்டா" என்று அம்மா மறைத்து வைத்திருந்தார். காலையில் எழுப்பிக் கேட்டால் அப்பாவுக்குப் பன்றி நினைவிருக்கும், அம்மாவை உதைத்தது தெரியாது. ஒருநாள் சொன்னோம். அன்று அவர் சாப்பிடவில்லை.

கொச்சித் தங்கச்சி சொன்ன கட்டு அப்பாவுக்கு அவிழ்ந்துவிட்டது, அதனால் கனவில் செய்வதை உடம்பும் செய்கிறது. கோவையில் நரம்பு டாக்டர் வாசனை தெரிகிறதா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்டபோது எனக்குப் புரியவில்லை. இப்படி இருப்பவர்களில் பலருக்கு வருடங்கள் கழித்துப் பார்க்கின்சன் வகை நோய் வருவதுண்டு, அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றார். அப்பாவுக்குக் காப்பி வாசனை தெரிந்து ரொம்ப நாளாகிறது. மாத்திரை போட்டபின் உதை குறைந்திருக்கிறது. கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை. அம்மா பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துப் படுக்கிறார்.

மருந்துக்கடை, கொழிஞ்சாம்பாறை:

சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு தினமும் யாராவது வந்துவிடுவார்கள். அல்பிரசோலம் என்ற மாத்திரை, மருந்துச் சட்டத்தின் எச்1 பட்டியலில் இருக்கிறது, சீட்டு வேண்டும், பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கோபம். கோபித்துக்கொள்ளுங்கள். மூச்சு அடைத்துத் தூக்கம் கெடுகிறவர் அதைப் போட்டால் ஆபத்து. வருடக்கணக்காகப் போடுகிறவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

நானே தூங்காதவன்தான். அப்பா போனபிறகு வாரத்தில் நாலு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வாரம் மூன்று ராத்திரி, மூன்று மாதத்துக்கு மேல் என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை, தானாகப் போகட்டும் என்று விடக்கூடாது. எனக்கு டாக்டர்கள் மாத்திரை தரவில்லை. பன்னிரண்டு மணிக்கு முன் படுக்காதே, ஐந்தரைக்கு எழு, தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு இறங்கு என்றார்கள். முதல் பத்து நாள் நரகம், கடையில் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். ஐந்தாவது வாரம் வழிக்கு வந்தது.

வண்டிக்காரரே, என் மச்சானும் லாரிதான், அவனுக்கும் மெஷின் எழுதியிருக்கிறார்கள். கேபினில் எப்படிப் போடுகிறீர்கள்?

வேலந்தாவளம் வண்டிக்காரன்:

வண்டி பேட்டரி 24 வோல்ட். மெஷினுக்குத் தோதான கன்வர்ட்டர் ஒன்றை எலக்ட்ரீஷியன் பொருத்திக் கொடுத்தார். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஒருநாள் தள்ளியிருக்கிறோம். ஃபில்டரில் தூசி அப்பிவிடும், வாரா வாரம் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை மார்க்கெட்டில்தான் இருப்பேன், மச்சானை அனுப்புங்கள், வண்டியிலேயே காட்டிவிடுகிறேன்.